நாஸில் டிஸ்க் மாற்றும்போது கவனம் பழைய டிஸ்க்கின் மேல் இருக்கட்டும்

நாஸில், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் ஃபைல் சேமிக்கும் டிஸ்க் பெட்டியில், இடம் தீர்ந்துபோய்ப் பெரிய டிஸ்க் போட நினைப்பவர்கள் எல்லாரும் புது டிஸ்க்கைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எந்த கம்பெனி, எத்தனை டிபி, சத்தம் வருமா, எவ்வளவு காலம் உழைக்கும் என்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மாற்றி முடித்த பிறகு என்னைக் கேட்டால், இத்தனை வருஷமாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற பழைய டிஸ்க்குகளைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகியதும், அதை நிரப்புவதற்காக (ரீபில்ட் என்பது இதுதான்) மீதி இருக்கும் பழையவை எல்லாம் முதல் செக்டரிலிருந்து, அதாவது தகவல் எழுதப்படும் முதல் சின்னக் கட்டத்திலிருந்து, கடைசி செக்டர் வரை ஒன்று விடாமல் படித்துக் கொடுத்தாக வேண்டும், அதுவும் ஒரு டிஸ்க் கெட்டாலும் தகவல் போகாமல் காக்கும் ரெய்ட் அமைப்பின் பாதுகாப்பு இல்லாமல் இருக்கும் நேரத்தில். சாதாரண நாட்களில் அவற்றின் மேல் விழாத சுமை அன்றைக்கு விழுகிறது.

என்னுடையது நாலு பே, அதாவது டிஸ்க் செருகும் இடம், உள்ள பெட்டி. நாலிலும் 4 டிபி டிஸ்க், ரெய்ட் 5, ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை (ஃபைல் சிஸ்டம்) எக்ஸ்ட்4. கெட்ட டிஸ்க்கின் தகவலைக் கணக்கிட்டு மீட்க உதவும் பாரிட்டிக்கு ஒரு டிஸ்க் அளவு போக மீதி 12 டிபி, ஆனால் திரையில் 10.9 என்றுதான் காட்டும். டிஸ்க் தயாரிப்பவர்கள் 1000-ஆல் பெருக்குகிறார்கள், பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். 8 டிபி டிஸ்க் 7.28 என்று தெரியும். வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நினைத்ததைவிட ஒரு அளவு சின்னதாக வாங்கிவிடுவோம்.

இன்னொன்று, இடம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்ததும் வாங்க ஓட வேண்டாம். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தபோது ரீசைக்கிள் பின்னில் ஒரு பெரிய குவியல், எப்போதோ தூக்கிப்போட்ட லேப்டாப்பின் பேக்கப் ஒன்று, அப்புறம் ஸ்னாப்ஷாட்கள், அதாவது ஃபைல்கள் ஒரு நேரத்தில் இருந்த நிலையைப் பிடித்து வைத்தவை. ஸ்னாப்ஷாட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் குழப்பும்: ஃபைலை அழித்தாலும் இடம் திரும்பி வராது, ஏனென்றால் அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்னாப்ஷாட் காலாவதி ஆகும் வரை அது டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் ஒழுங்குபடுத்தியதில் கொஞ்ச நாள் தள்ளிப்போட முடிந்தது. ஆனால் இப்போதைய போன்களில் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கே சில நூறு எம்பி ஆகிறது, வீட்டில் எல்லார் போனும் இதற்குத்தான் அனுப்புகிறது, அதனால் பெரிய டிஸ்க் தவிர்க்க முடியாது என்று ஆகிவிட்டது.

எத்தனை வாங்குவது என்பது ரெய்டைப் பொறுத்தது. ரெய்ட் 5-இல் இருப்பதிலேயே சின்ன டிஸ்க்தான் கணக்கு. மூன்று 8 டிபி, ஒரு 4 டிபி போட்டால் நாலும் 4 டிபி மாதிரிதான் நடந்துகொள்ளும். கடைசி டிஸ்க்கை மாற்றும் வரை ஒரு எம்பிகூட அதிகமாகக் கிடைக்காது. நாஸ் தயாரிக்கும் சினாலஜியின் எஸ்எச்ஆர் மாதிரி கலப்பு அளவுகளை ஏற்றுக்கொள்ளும் அமைப்பில் இரண்டை மாற்றினாலே பலன் தெரியும்: 8, 8, 4, 4 என்று இருந்தால் மொத்தத்தில் பெரியது ஒன்றைக் கழித்து 16 டிபி கிடைக்கும். உங்களிடம் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எஸ்எச்ஆர் இருந்தால் இப்போது இரண்டு, அடுத்த வருஷம் இரண்டு என்று பிரித்து வாங்கலாம். எனக்கு ரெய்ட் 5 என்பதால் நாலு 8 டிபி டிஸ்க்கும் ஒரே தடவையில் வேண்டும் என்று ஆனது. 16 டிபி இரண்டு வாங்கி மிரர் (இரண்டிலும் ஒரே தகவல்) போடலாமா என்றும் யோசித்தேன், மின்சாரம் குறையும், இரண்டு பே காலியாக இருக்கும், பின்னால் வளர்க்க வசதி. ஆனால் அதற்கு எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாக அமைக்க வேண்டும். யூசர் கணக்குகள், யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்ற அனுமதிகள், பெட்டிக்குள் ஓடும் சின்னச் சின்ன ஆப்கள் என்று நிறைய சேர்ந்துவிட்டதால் அந்த வழியை விட்டேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள், இல்லை நல்ல முழு பேக்கப் இரண்டு வைத்திருப்பவர்கள், கலைத்து அமைப்பதையே யோசிக்கலாம். நாலு தடவை ரீபில்ட் செய்வதைவிட ஒரு தடவை நகலெடுத்துக் கொட்டுவது பழைய டிஸ்க்குகளுக்கு எவ்வளவோ லேசான வேலை.

டிஸ்க் தேர்வில் ஒரே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன், அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது, அதாவது தடங்களை எழுதும் முறை. சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்களை ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்குகிற மாதிரி ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் படும்படி எழுதுவார்கள். அதே தகட்டில் அதிகம் அடங்கும், ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் அதை ஒட்டியுள்ள தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். அவ்வப்போது ஃபைல் போட்டு எடுப்பவர்களுக்கு இது தெரியாது, எழுதியதை ஒரு தனிப் பகுதியில் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் டிஸ்க்கே அடுக்கிக்கொள்ளும். ரீபில்டில் ஓய்வு நேரமே கிடையாது. மணிக்கணக்காகத் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும்போது அந்தத் தற்காலிகப் பகுதி நிரம்பி, வேகம் தரையைத் தொடும், சில சமயம் டிஸ்க் பதில் சொல்லவே நேரமாகி ரெய்ட் அதை வெளியே தள்ளிவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று வெளியே தெரிந்தபோது பெரிய சர்ச்சை ஆனது. அதன்பிறகு அந்த வரிசையைப் பிரித்தார்கள், ரெட் பிளஸ், ரெட் புரோ இரண்டும் சிஎம்ஆர். சீகேட்டின் அயர்ன்வுல்ஃபும் சிஎம்ஆர். பெட்டியில் நாஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்காமல் மாடல் எண்ணை எடுத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

சாதாரண மேசைக் கணினி டிஸ்க் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் அந்த டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், ஒரு நிமிடத்துக்கு மேல்கூட ஆகலாம். தனியாக இருக்கும் கணினியில் அதுதான் வேண்டும், வேறு பிரதி இல்லையே. நாஸ் டிஸ்க்குகள் பொதுவாக 7 விநாடியில் கைவிட்டு, என்னால் முடியவில்லை என்று சொல்லிவிடும், ரெய்ட் மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்குப் போட்டு அந்தத் தகவலை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் வழக்கமாகக் காத்திருப்பது 30 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் நல்ல டிஸ்க்கே செத்துவிட்டதாகக் கணக்காகிவிடும் அபாயம் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் பெட்டியின் பக்கமும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளரின் பொருந்தும் டிஸ்க் பட்டியல் ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். 2025-இல் சினாலஜி தன் புதிய பிளஸ் மாடல்களில் பிற கம்பெனி டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு வைத்தது, அதே வருஷம் அதன் நாஸ் மென்பொருளான டிஎஸ்எம் 7.3 வந்தபோது தளர்த்தியது, ஆகவே இதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கிற விஷயம். அதைவிட எனக்கு முக்கியமாக இருந்தது வால்யூம் எல்லை, அதாவது ஒரே சேமிப்புப் பகுதி எவ்வளவு பெரிதாகலாம் என்பது. பழைய 32-பிட் பிராசஸர் உள்ள பெட்டிகளில் எக்ஸ்ட்4 வால்யூம் 16 டிபிக்கு மேல் போகாது. பிராசஸர் 64-பிட்டாக இருந்தாலும், வால்யூமை ஆரம்பத்தில் பழைய பெட்டியில் உருவாக்கி டிஸ்க்குகளை அப்படியே புதுப் பெட்டிக்கு மாற்றியிருந்தால் அந்த எல்லை கூடவே வந்திருக்கும். எனக்குக் கடைசியில் வரப்போவது 21.8, அதாவது அந்த எல்லையைத் தாண்டுகிறது. நாலு டிஸ்க்கையும் மாற்றி முடித்த பிறகு விரிவாக்கம் மறுக்கப்பட்டால் அத்தனை உழைப்பும் வீண். டெர்மினலில் டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளையைப் போட்டு, அம்சங்களின் வரிசையில் 64பிட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அதன்பிறகுதான் ஆர்டர் போட்டேன்.

மின்சார அடாப்டரையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஓடும்போது ஏறத்தாழ 5 முதல் 8 வாட் வரைதான் எடுக்கும், ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நல்ல பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் டிஸ்க்குகளைக் கிளப்பும். வீட்டிலேயே பழைய கணினியை நாஸாக மாற்றி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்தது பேக்கப். ரெய்ட் பேக்கப் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் டிஸ்க் மாற்றும் நாளில்தான் அதன் முழு அர்த்தம் தெரியும். ரெய்ட் 5-இல் ஒன்றைக் கழற்றிய அந்த நிமிடத்திலிருந்து ரீபில்ட் முடியும் வரை இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போயிற்று. நான் 12 டிபி யுஎஸ்பி டிஸ்க் ஒன்று வாங்கி முழுவதையும் நகலெடுத்தேன். 10 டிபிக்கு, விநாடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தாலும், 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்ப வராத விஷயங்களை, அதாவது குடும்பப் போட்டோ, ஸ்கேன் செய்த பத்திரங்கள், இவற்றை மட்டும் தனியாக வீட்டுக்கு வெளியே இருக்கும் இன்னொரு இடத்துக்கும் அனுப்பினேன். நகலெடுத்ததோடு நிறுத்தாமல் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) போட்டு ஒப்பிட்டேன், அப்புறம் அந்த யுஎஸ்பி டிஸ்க்கை வேறு கணினியில் செருகி, அங்கங்கே ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். நாஸின் செட்டிங் பேக்கப்பையும், என்கிரிப்ட் செய்த ஃபோல்டர்களின் கீயையும் நாஸுக்கு வெளியே எடுத்து வைப்பது இதே நேரத்தில் செய்ய வேண்டியது. கீ பூட்டிய பெட்டிக்குள்ளேயே இருந்து பிரயோஜனம் இல்லை.

புது டிஸ்க் வந்ததும் நேராக நாஸில் போடாதீர்கள். முதலில் ஸ்மார்ட் தகவலில், அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவில், ஓடிய மணிநேரம் பூஜ்யமா, அதற்கு வெகு அருகிலா என்று பாருங்கள். 2025 தொடக்கத்தில், பல ஆயிரம் மணிநேரம் ஓடிய டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை அழித்துவிட்டுப் புதியது என்று விற்றது வெளியே வந்தது. சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று தனியாக ஒரு பதிவு உண்டு, ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவியின் 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்க முடியும், இரண்டிலும் மணிநேரம் ஒத்துப்போக வேண்டும். பிறகு ஒரு கணினியில் இணைத்து ஸ்மார்ட் நீண்ட சோதனை, அதன்பின் பேட்பிளாக்ஸ் என்ற கருவியின் எழுதும் சோதனை. இது நாலு வகைக் கோலத்தை டிஸ்க் முழுக்க எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும், அதாவது மொத்தம் எட்டு முழுச் சுற்று. 8 டிபி டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 13 மணி நேரம் போல ஆகும், அப்படியென்றால் நாலு நாளுக்கு மேல் ஓடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட விடலாம், காற்று மட்டும் நன்றாகப் பட வேண்டும். ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனை டிஸ்க்கில் இருப்பது அத்தனையையும் அழித்துவிடும், எனவே எந்த டிஸ்க் என்று கணினி தரும் பெயரை நம்பாமல் சீரியல் எண்ணை டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும்.

இவ்வளவு நேரம் தேவையா என்று தோன்றும். வந்த டிஸ்க்குகளில் ஒன்று இரண்டாவது கோலத்தைப் படிக்கும்போதே பிழை காட்ட ஆரம்பித்தது, நிலுவைச் செக்டர் எண்ணிக்கை நான் பார்க்கப் பார்க்கக் கூடியது. காதை அருகில் வைத்தால் மற்றவற்றில் வராத ஒரு டிக் டிக் சத்தம். சோதனை முடிவை இணைத்து அனுப்பியதும் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதே டிஸ்க் ரீபில்ட் நடுவில் நாஸுக்குள் விழுந்திருந்தால், ஏற்கெனவே பாதுகாப்பு இல்லாமல் இருக்கும் பழைய டிஸ்க்குகளை இன்னொரு முழுச் சுற்று படிக்க வைத்திருக்கும். புது டிஸ்க்கைச் சோதிப்பதன் காரணம்கூட எனக்கு இதுதான், பழையவற்றின் வேலையைக் குறைப்பது.

சரி, பழையவைக்கு வருவோம். ஸ்மார்ட் பட்டியலில் நிறைய எண்கள் இருக்கும், நான் பார்ப்பது நாலு: 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர், 197 படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர், 198 சரிசெய்ய முடியாதது, 199 கேபிள் வழியில் வந்த பிழை. இவற்றைக் குறித்துக்கொண்டு, முழு ஸ்க்ரப் ஒன்று ஓட்டினேன். ஸ்க்ரப் என்பது ஒத்திகைதான், ரீபில்டில் படிக்க வேண்டிய அத்தனையையும் இப்போதே படித்துப் பார்க்கிறது, ஆனால் பாரிட்டி பாதுகாப்பு இருக்கும்போதே. ஒரு செக்டர் படிக்கவில்லை என்றால் மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு அங்கேயே திரும்ப எழுதிவிடும். மூன்றாவது பேயில் இருந்த டிஸ்க்கில் நிலுவை 8 என்று வந்தது. எட்டு தனித்தனிப் பழுது இல்லை அது, இந்த டிஸ்க்குகளில் உண்மையான செக்டர் 4096 பைட், வெளியே 512 பைட்டாகக் காட்டுவதால் ஒரு செக்டர் கெட்டாலே 8 என்று எண்ணும். ஸ்க்ரப் முடிந்ததும் அது பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. வந்துவிட்டாலும் அந்த டிஸ்க்கின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

இங்கேதான் வரிசை முக்கியம். நாலு டிஸ்க் ரெய்ட் 5-இல் முதலில் கழற்றும் பழைய டிஸ்க் ரீபில்டுக்காக ஒரு தடவைகூட முழுசாகப் படிக்க வேண்டியதில்லை. இரண்டாவதாகக் கழற்றுவது ஒரு தடவை படிக்கிறது, மூன்றாவது இரண்டு தடவை, கடைசியாகப் போவது மூன்று தடவை. பலரும் முதல் பேயில் ஆரம்பித்து வரிசையாகப் போகிறார்கள், அது கண்ணுக்குத்தான் ஒழுங்கு. நலிந்ததை முதலிலும், சுத்தமாக இருப்பதைக் கடைசியிலும் எடுக்க வேண்டும். நான் மூன்றாவது பேயிலிருந்து ஆரம்பித்தேன், அடுத்து ஓடிய மணிநேரம் அதிகமாக இருந்த டிஸ்க்.

டிஸ்க் விவரத்தாள்கள் பலவற்றில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை வரை வரலாம் என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டிபி. மூன்று 4 டிபி டிஸ்க்குகளை முழுதாகப் படித்தால் 12 டிபி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, ரெய்ட் 5 ரீபில்ட் தோற்றே தீரும் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. அது உச்ச எல்லை, நல்ல டிஸ்க்குகள் அதைவிட எவ்வளவோ நன்றாக நடக்கின்றன, அதே அளவை ஒவ்வொரு ஸ்க்ரபிலும் பிழையில்லாமல் படித்துக்கொண்டுதானே இருக்கின்றன. ஆனால் எண் சின்னது இல்லை என்பதும் உண்மை. ரீபில்ட் நடுவில் அப்படி ஒரு பிழை வந்தால் சில அமைப்புகள் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தொடரும், சில அந்த டிஸ்க்கையே வெளியேற்றிவிடும். இதனால்தான் ஸ்க்ரபை மாற்றத்துக்கு முந்தின நாட்களில் ஓட்டுவது, ஆறு மாதத்துக்கு முன் ஓட்டியது கணக்கில் வராது. காலி பே ஒன்று இருக்கும் அதிர்ஷ்டசாலிகள் இந்தத் தொல்லையே இல்லாமல் செய்யலாம்: புதியதைக் காலி பேயில் போட்டு, பழையதை உள்ளே வைத்துக்கொண்டே அதற்குப் பதிலாக இது என்று மாற்றும் வசதி லினக்ஸின் ரெய்ட் கருவியான எம்டிஅட்மினிலும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்திலும் இருக்கிறது, டிஎஸ்எம் 7-லும் உண்டு. பாதுகாப்பு ஒரு நிமிடம்கூட குறையாது. எனக்கு நாலும் நிறைந்திருந்தது.

கழற்றும் நாள். ஒவ்வொரு டிரேயிலும் உள்ள டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதி முன்பக்கம் ஒட்டினேன், மென்பொருள் காட்டும் எண்ணோடு சரிபார்த்தேன். பே எண் எங்கிருந்து தொடங்குகிறது, இடமா வலமா, பூஜ்யமா ஒன்றா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும், சீரியல் எண் மாறாது. மென்பொருளில் அந்த டிஸ்க்கை முடக்கிவிட்டு, டிரேயை ஒரு அங்குலம் மட்டும் இழுத்து நிறுத்தி, அரை நிமிடம் காத்திருந்தேன். இணைப்பு விட்டுப்போனாலும் தகடு உடனே நிற்காது, அந்த நேரத்தில் கையில் எடுத்துத் திருப்பினால் டிஸ்க் நம் மணிக்கட்டுக்கு எதிராக ஒரு முறுக்கு முறுக்குவது தெரியும். அது அடங்கிய பிறகு வெளியே எடுப்பதுதான் அதற்கு நல்லது. உங்கள் பெட்டி ஓடும்போதே டிஸ்க் மாற்ற அனுமதிக்காத வகை என்றால் முழுவதும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

டிரேயில் புது டிஸ்க்கைப் பொருத்தும்போது ஒரு சின்ன விஷயம் பலருக்கு இடிக்கும். பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பலவற்றில் பக்கவாட்டில் நடுத் துளை இருக்காது, அடிப்பக்கத் துளைகளும் பழைய டிஸ்க்கில் இருந்த இடத்தில் இருக்காது. என் டிரே பக்கவாட்டில் கிளிப் மாட்டும் வகை, அதில் நடுவில் இருந்த முனை போய் உட்கார இடமில்லை. அந்த முனையைத் தவிர்த்து, கூடவே வந்த ஸ்குரூவால் முன்னும் பின்னும் முடுக்கினேன். இறுக்கமாக இல்லாமல் டிஸ்க் ஆடினால் அதிர்வு பக்கத்து டிஸ்க்குகளுக்கும் போகும், விட்டுவிடாதீர்கள்.

செருகியதும் ரீபில்ட் ஆரம்பம். புது டிஸ்க் 8 டிபி என்றாலும் இப்போதைக்கு எழுதப்படுவது 4 டிபி அளவுதான். விநாடிக்கு 130 எம்பி என்று வைத்தால் எட்டரை மணி நேரம். நாஸை மற்றவர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தால் இது பல மடங்கு நீளும். அதனால் போன் போட்டோ அப்லோடு, டவுன்லோடு, சின்னப் படம் உருவாக்கும் வேலை, எல்லாவற்றையும் நிறுத்தினேன். அன்று மாலையே தங்கை போன் செய்தாள். “அண்ணா, போன்ல இருந்து போட்டோ எதுவும் ஏறவே மாட்டேங்குது.” “நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன், நாளைக்குத் திறந்துவிடறேன்மா” என்றேன். வீட்டில் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இந்த நிறுத்தலுக்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. புதிதாக எதுவும் எழுதப்படாமல் இருந்தால், கழற்றி வைத்த டிஸ்க்கில் இருப்பது மற்றவற்றோடு ஏறத்தாழ ஒத்துப்போகும் நிலையில் இருக்கும், மோசமான நிலையில் விவரம் தெரிந்தவர் ஒருவர் அதை வைத்து மீட்க முயல ஒரு வழி மிச்சமிருக்கும்.

யுபிஎஸ் இல்லாமல் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். விசிறியை முழு வேகத்தில் வைத்தேன், பழைய டிஸ்க்குகளின் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். தயாரிப்பாளர்கள் 60 வரை தாங்கும் என்று எழுதுகிறார்கள், வயதான டிஸ்க் முழு மூச்சாக ஓடும் நாளில் அந்த எல்லைக்கு அருகே போக விட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு ரீபில்ட் முடிந்ததும் பச்சை விளக்கைப் பார்த்து உடனே அடுத்ததைப் பிடுங்காதீர்கள். ஒவ்வொரு முறையும் எல்லா டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்களையும் திரும்ப எடுத்து முன்பு குறித்ததோடு ஒப்பிட்டேன், இடையில் சேர்ந்த ஃபைல்களை யுஎஸ்பி பேக்கப்பில் சேர்த்தேன், அதன்பிறகே அடுத்தது. இரண்டாவது டிஸ்க்குக்குப் பிறகு அப்படிப் பார்த்தபோது, புதிய டிஸ்க் ஒன்றில் 199-ஆம் எண் கூடியிருந்தது. புது டிஸ்க்கிலேயே பிழையா என்று பதற வேண்டாம், இந்த எண் தகட்டைப் பற்றியது இல்லை, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் வரும் வழியில் சிதைந்தது என்பதைச் சொல்கிறது. அணைத்துவிட்டு டிரேயை வெளியே எடுத்தால் உள்ளே கனெக்டரைச் சுற்றி வருஷக்கணக்கான தூசி. ஊதிச் சுத்தம் செய்து, கிளிக் என்று கேட்கும் வரை நேராகச் செருகினேன். அந்த எண் குறையவே குறையாது, அது டிஸ்க்கின் வாழ்நாள் கணக்கு, ஆனால் அங்கேயே நின்றுவிட்டது. நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

நாலாவதும் முடிந்த பிறகும் இடம் கூடவில்லை என்று பலர் திகைப்பார்கள். இன்னும் இரண்டு படி இருக்கிறது: முதலில் ரெய்ட் அடுக்கு ஒவ்வொரு டிஸ்க்கிலும் மீதி இருக்கும் 4 டிபியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அந்தப் புதுப் பகுதிக்குப் பாரிட்டி எழுத மறுபடியும் மணிக்கணக்காக ஓடும். அப்புறம் ஃபைல் சிஸ்டத்தை விரிக்க வேண்டும். கடையில் வாங்கிய நாஸில் விரிவாக்கு என்று ஒரு பட்டன்தான், சிலது தானே செய்துகொள்ளும். இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் ஆட்டோஎக்ஸ்பேண்ட் இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவும். என் திரையில் 21.8 வந்தது.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. புதியவை 7200 சுற்று வேகம், பழையவை அதைவிட மெதுவானவை. ஓடும் இரைச்சல் பெரிய தொல்லை இல்லை, தலை நகரும்போது வரும் கட கட சத்தம்தான் இரவில் கேட்கிறது. பலகை அலமாரி அதை இன்னும் பெரிதாக்கியது. அடியில் தடித்த ரப்பர் வைத்ததும் பாதி போயிற்று.

கழற்றிய நாலு பழைய டிஸ்க்கையும் அப்படியே திரும்ப மாட்டினால் பழைய நாஸ் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வராது. ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் வெளியே வந்தது, ஒன்றின் நிலை இன்னொன்றோடு ஒத்துப்போகாது, எனவே அந்தக் குவியலை ஒரு பேக்கப்பாக எண்ண வேண்டாம். நான் புதியவை ஒரு முழு ஸ்க்ரபைச் சுத்தமாக முடிக்கும் வரை பழையவற்றைத் தொடவில்லை, அதன்பிறகு அழித்தேன். ரெய்ட் 5-இல் ஒரு தனி டிஸ்க்கில் என்ன தெரியப்போகிறது என்று அழிக்காமல் கொடுத்துவிடாதீர்கள். தகவல் 64 கேபி, 512 கேபி மாதிரியான துண்டுகளாகத்தான் பிரிகிறது, ஒரு அடையாள அட்டை ஸ்கேன் அதற்குள் முழுசாக அடங்கிவிடும். நலிந்த டிஸ்க்கை முழுக்க மேலெழுதிய பிறகு மின்கழிவில் சேர்த்தேன். மற்ற மூன்றையும் ஆன்ட்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு, போட்டோக்களின் இன்னொரு பிரதியை அவற்றில் ஏற்றி, என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் எழுதியது என்று கவரின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன். அவ்வப்போது எடுத்துச் செருகி ஸ்மார்ட் நீண்ட சோதனை ஓட்டுகிறேன். நாஸில் மாதம் ஒரு ஸ்க்ரப் தானாக ஓடும்படி வைத்தாயிற்று, 5, 197, 198 இவற்றில் எது அசைந்தாலும் எனக்கு மெயில் வரும்.